“என் நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை, வேறு ஆளைப் பாருங்கள்”: மனநல ஆலோசகர் இப்படிச் சொல்லலாமா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

தென்மாவட்டம் ஒன்றில், அறக்கட்டளை நடத்தும் ஆலோசனை மையத்தில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

இருபதுகளில் இருக்கும் ஒரு பெண் வந்தார். மில் வேலை. தூக்கம் வருவதில்லை, திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கூட்டமான பஸ்ஸில் ஏறினால் மூச்சு முட்டுகிறது என்றார். பேச்சுவாக்கில், கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ்வதையும் சொன்னார். அதைப் பற்றி அவர் ஆலோசனை எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் தூங்குவதற்கு ஒரு வழி.

அன்று அவரைப் பார்த்த என் சக ஊழியர் நல்ல மனிதர், பக்திமான், யாரையும் கடிந்து பேசாதவர். அன்றும் கடிந்து பேசவில்லை. “என் நம்பிக்கைப்படி இது சரியில்லைம்மா. இதை மனசில் வைத்துக்கொண்டு உங்களுக்கு நியாயமாக ஆலோசனை சொல்ல என்னால் முடியாது” என்று சொல்லிவிட்டு, மதுரையில் இருக்கும் ஒரு தனியார் கிளினிக்கின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தப் பெண் அப்புறம் எங்களிடம் வரவில்லை. மதுரைக்குப் போனாரா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

மையப் பொறுப்பாளர் கேட்கிறார்: “நடிக்காமல் உள்ளதைச் சொன்னார், மாற்று வழியும் காட்டினார். இதைவிட நேர்மை என்ன வேண்டும்?” எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் கூட்டத்தில் எடுத்து வைக்கிற மாதிரி வாதம் வரமாட்டேன் என்கிறது. துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சாய்வுநாற்காலி

நான் உங்கள் பொறுப்பாளர் பக்கம். ஆலோசகர்களுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஊசி போடுகிறவருக்கு உங்களைப் பிடிக்காவிட்டாலும் ஊசி வேலை செய்யும். பேச்சு அப்படி இல்லை. “வீட்டுக்குத் தெரியுமா?” என்பதை அக்கறையாகவும் கேட்கலாம், விசாரணையாகவும் கேட்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். உள்ளுக்குள் ஒப்பாமல், வாரா வாரம் சிரித்த முகமாக உட்கார்ந்து அந்தப் பெண்ணைக் குழப்புவதைவிட, முதல் நாளே விலகியது மேல்.

குடிநோய் சிகிச்சையில் அனுபவம் இல்லாதவர் அந்த கேஸை எடுக்காமல் வேறொருவரிடம் அனுப்புகிறார். அதைத் தப்பு என்று சொல்வோமா?

ஓ.பி.சீட்டு

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவன். சாய்வுநாற்காலி சார் இரண்டு வேறு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். “எனக்குத் தெரியாது” என்பது வேறு, “எனக்குப் பிடிக்கவில்லை” என்பது வேறு.

மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளை எடுத்துப் பாருங்கள். தன் அனுபவத்துக்கு உட்படாத நோய் என்றால் மறுத்து இன்னொரு மருத்துவரிடம் அனுப்பலாம். தன்னிச்சையாக மறுக்கக் கூடாது. யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்பது மருத்துவரின் விருப்பம் என்றும் ஒரு வரி அதில் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அவசரம் என்றால் மறுக்கக் கூடாது, ஏற்றுக்கொண்ட நோயாளியைப் போதிய அவகாசம் தராமல் கைவிடக் கூடாது என்பவற்றோடு சேர்ந்துதான் அந்த வரி வருகிறது. ஆலோசகருக்கு இந்த விதிகள் நேரடியாகப் பொருந்தாது, ஆனால் நியாயம் ஒன்றுதான். தூக்கமின்மையும் படபடப்பும் எந்த ஆலோசகரின் அனுபவத்துக்கு உட்படாதவை? தினமும் பார்க்கிற கேஸ்.

அப்புறம் நடைமுறை. என் அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சரியாகச் சாத்தாத ஒரு கதவு. அடுத்த டோக்கன்காரர் நிலைப்படியில் நின்று தலையை நீட்டிக்கொண்டிருப்பார். மகளைக் கூட்டிவரும் அப்பா எழுந்து வெளியே போகவே மாட்டார். “நான் இருந்தா என்ன சார், எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே” என்பார். அதனால் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதுல சீல் விழலை, பதிவு கவுண்டர்ல ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க” என்று அனுப்புவேன். பல நேரம் சீல் விழுந்துதான் இருக்கும். அந்த வரிசை நகர்கிற நேரம்தான் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கிற தனிமை. அந்த நாலு நிமிடத்தில் அவர் தைரியம் வந்து ஒன்றைச் சொல்கிறார். “எனக்கு இது ஒத்துவராது” என்று நான் சொன்னால் அவரை யாரிடம் அனுப்புவேன்? காசு வாங்காமல் பார்க்கிற அடுத்த மனநல மருத்துவர் அடுத்த மாவட்டத்தில் இருக்கிறார். சென்னையில் ஒருவர் “வேறு ஆளைப் பாருங்கள்” என்றால் போய்ச் சேர இடம் உண்டு. இங்கே சொன்னால் அவர் வீட்டுக்குத்தான் போவார்.

பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். இத்தனையையும் தாண்டி ஒருவர் வாசல் வரை வந்து நிற்கிறார். அவரைத்தான் திருப்பி அனுப்புகிறோம்.

கொத்தமல்லி

அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் பண்ணச் சொன்னால் முடிந்தது. இதற்கு இவ்வளவு பெரிய விவாதமா?

ஓ.பி.சீட்டு

நல்ல சேவைதான், நானே பலருக்கு எழுதிக் கொடுக்கிறேன். 2022 அக்டோபர் 10 அன்று டெலி மானஸ் என்ற அந்தத் தொலைபேசிச் சேவை வந்த பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கும் தமிழில் பேச ஓர் ஆள் இருக்கிறார், காசும் இல்லை. ஆனால் ஒற்றை அறை வாடகை வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா படுத்திருக்கும்போது இந்தப் பெண் எதைப் பேசுவார்? தொலைபேசி முதல் படி. அடுத்த படியில் நேரில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

கருப்புக்கோட்டு

சட்டப்பக்கம் மட்டும் நான் சொல்கிறேன்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் வந்தது, 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. பிரிவு 18 சிகிச்சை கிடைப்பதை உரிமையாகவே சொல்கிறது. கட்டுப்படியாகும் செலவில், தரமாக, போய்வரக்கூடிய தூரத்தில், பாலினம், பாலீர்ப்பு, மதம், சாதி, வர்க்கம் என்று எந்தப் பாகுபாடும் இல்லாமல். ஆனால் அந்த உரிமை அரசு நடத்துகிற அல்லது அரசு நிதி பெறுகிற சேவைகளின் மீதுதான். வைகைக்கரை, உங்கள் அறக்கட்டளைக்கு அரசு நிதி வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிரிவு 3 இன்னொன்று சொல்கிறது: சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத மதிப்பீடுகளோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது.

ஓட்டை எங்கே என்றால், ‘ஆலோசகர்’ என்று பலகை மாட்டுகிறவர்தான். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், மருத்துவர் மருத்துவக் கவுன்சிலில். வெறுமனே ‘கவுன்சிலிங் சென்டர்’ என்று போட்டுக்கொள்கிறவர் மேல் நடவடிக்கை எடுக்க எந்தக் கவுன்சில் என்று கேட்டால் வக்கீல்களே தலையைச் சொறிவோம். 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் இவர்களையும் உள்ளே கொண்டுவரப் பார்க்கிறது. அது இன்னும் நடைமுறைக்கு இறங்கி வர வேண்டும்.

இந்த விவாதத்துக்கு நேராகப் பொருந்துகிற ஒரு வழக்கு உண்டு. வீட்டார் எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு, சுஷ்மா எதிர் காவல் ஆணையர், சென்னை உயர் நீதிமன்றம், 2021. பாலீர்ப்பை ‘குணப்படுத்துகிறேன்’ என்று யாரும் சிகிச்சை செய்யக் கூடாது என்று அந்த ஜூன் 7 உத்தரவு சொன்னதும், அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் செய்வது தொழில்முறைத் தவறு என்று அறிவித்ததும் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முன்னால் நடந்தது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்வு கேட்டு உட்கார்ந்தார். அப்புறம்தான் தீர்ப்பு எழுதினார். “எனக்கு இது ஒத்துவரவில்லை, வேறு நீதிபதிக்கு மாற்றுங்கள்” என்று கோப்பைத் திருப்பி அனுப்பவில்லை.

சாய்வுநாற்காலி

நல்ல எடுத்துக்காட்டு, மறுக்கவில்லை. ஆனால் நீதிபதிக்கு அவகாசம் இருந்தது, வழக்கை ஒத்திவைக்கலாம். ஆலோசகர் அந்த நிமிடமே முடிவெடுக்க வேண்டும்.

நாஷ்வில்_வாசி

இங்கே அமெரிக்காவில் இதே சண்டை நீதிமன்றம் வரை போனது. கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆலோசனைப் படிப்பு படித்த ஜூலியா வார்டு என்ற மாணவிக்கு 2009இல் ஒரு கேஸ் ஒதுக்கினார்கள். மனச்சோர்வுக்காக வந்தவர். கோப்பைப் பார்த்தபோது அவருக்கு ஒருபால் உறவு இருப்பது தெரிந்தது. அந்த உறவை ஆதரித்துப் பேச என் மதம் இடம் தராது, வேறொருவருக்கு மாற்றுங்கள் என்று மாணவி கேட்டார். பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. கீழ்நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம். 2012 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை உயிர்ப்பித்து ஜூரி விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. கடைசியில் அந்த டிசம்பரில் 75,000 டாலரில் சமரசமாக முடிந்தது.

அதன் பிறகு அமெரிக்க ஆலோசகர் சங்கம் 2014 நெறிமுறையில் தெளிவாகவே எழுதிவிட்டது: தன் சொந்த மதிப்பீடுகளை மட்டுமே காரணமாக வைத்து வாடிக்கையாளரை வேறிடம் அனுப்பக் கூடாது. உடனே எங்கள் டென்னசி மாநிலம் 2016இல் நேர் எதிராக ஒரு சட்டம் போட்டது: ஆழமாகக் கடைப்பிடிக்கும் கொள்கைக்கு முரண் என்றால் ஆலோசகர் மறுக்கலாம், வேறொருவரிடம் அனுப்பி வைத்தால் போதும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருப்பவரை மட்டும் மறுக்கக் கூடாது. சங்கம் கோபித்துக்கொண்டு 2017 மாநாட்டை நாஷ்விலிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றிக்கொண்டது. எங்கள் ஊர் ஹோட்டல்காரர்களுக்குத்தான் நஷ்டம்.

ஓ.பி.சீட்டு சொன்ன தூரக் கணக்கு இங்கேயும் உண்டு. நாஷ்விலில் ஒருவர் மறுத்தால் அடுத்த தெருவில் இன்னொருவர். கிழக்கே மலைப்பக்கத்துச் சிற்றூரில் மறுத்தால்? சட்டம் எழுதியவர்கள் நகரத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

சாய்வுநாற்காலி

சரி, இப்போது இதைத் திருப்பிப் போடுகிறேன். ஆலோசகர் பகுத்தறிவுக் கொள்கைக்காரர். வருகிறவர், “குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் இருக்கப் போகிறேன், அதற்கு முன்னால் உங்களிடம் பேச வந்தேன்” என்கிறார். அல்லது ஏர்வாடி தர்காவுக்கு. இரண்டும் மனநோய் தீரும் என்று நம்பிப் போய்த் தங்குகிற இடங்கள். அப்போதும், “மூடநம்பிக்கைக்கு நான் துணை போக மாட்டேன், கிளம்புங்கள்” என்று சொல்லக் கூடாது, இல்லையா? இங்கே முற்போக்காகப் பேசுகிற பலர் இதைச் செய்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஓ.பி.சீட்டு

சொல்லக் கூடாதுதான். சரியான இடத்தில் கை வைத்தீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்களை மூடநம்பிக்கை என்று திட்டினோம். அந்தக் குடும்பங்களுக்குப் பக்கத்தில் என்ன ஆஸ்பத்திரி இருந்தது, போனால் என்ன மரியாதை கிடைத்தது என்று கேட்டவர்கள் குறைவு. பின்னால் அரசு தர்காவுக்குப் பக்கத்திலேயே மருந்தும் கிடைக்கும்படி ‘தவா–துவா’ (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டம் கொண்டுவந்ததே, அது எங்களுக்கும் பாடம். தொழுகையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை, மாத்திரையையும் போட்டுக்கொள் என்றது. சங்கிலி மட்டும் கூடவே கூடாது. அதைச் சட்டமும் தடை செய்திருக்கிறது. என்னிடம் மந்திரித்த கயிறோடு வருகிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: “ராத்திரி மாத்திரை விடாம போட்டீங்களா?”

புதுக்கோட்டை_அம்மா

எல்லாரும் படிச்சவங்க, பெரிய பெரிய விஷயமா பேசுறீங்க. எனக்கு ஒண்ணு சொல்லணும்.

என் மகனுக்கு மனச்சிதைவு. கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஆரம்பித்தது. இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறான், மாட்டைப் பார்த்துக்கொள்கிறான். போன வருடம் வயிற்றுவலி என்று துடித்தான். ஒரு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். சீட்டில் ஓலன்சபின் என்ற மனநோய் மாத்திரை இருந்ததைப் பார்த்ததும் அங்கே இருந்த டாக்டர், “இது சைக்கியாட்ரி கேஸ், அங்க கூட்டிட்டுப் போங்க” என்றார். வயிறு வலிக்கிறது என்றேன். “அவங்களுக்கு அப்படித்தாம்மா தோணும்” என்றார். வயிற்றைத் தொட்டே பார்க்கவில்லை. மனநலப் பிரிவு டாக்டர்தான் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். குடல்வால். அன்று ராத்திரியே ஆபரேஷன்.

அந்த டாக்டருக்கு மதம் தடுக்கவில்லை, கொள்கை தடுக்கவில்லை. அவர் சீட்டைப் பார்த்தார், என் மகனைப் பார்க்கவில்லை. நீங்கள் பேசுகிற அந்தப் பெண்ணுக்கு நடந்ததும் அதுதான். தூக்கம் வரவில்லை என்று சொன்னது காதில் விழவில்லை, யாரோடு இருக்கிறாள் என்பது மட்டும் விழுந்துவிட்டது.

எங்கள் மாவட்டத்தில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனத்தின் பஸ் வரும். டாக்டர் சென்னையிலிருந்து திரையில் பேசுவார், பஸ்ஸிலேயே மாத்திரை கொடுப்பார்கள். டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி. ஊருக்குள்ளே வந்தால் பத்து மணிக்கு முடித்துவிட்டுக் களையெடுக்கப் போய்விடலாம். மருந்து நிற்காமல் இருக்கிறதற்கு அதுதான் காரணம், என் மகன் ரொம்பப் பொறுப்பு என்பதால் இல்லை.

கருப்புக்கோட்டு

அம்மா, நீங்கள் சொன்னதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிரிவு 21: எந்தச் சிகிச்சையிலும் மனநோய் உள்ளவரை உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும். அவசரச் சிகிச்சையையும் அதில் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். மாவட்ட அளவில் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் புகார் எழுதலாம்.

புதுக்கோட்டை_அம்மா

எழுதலாம் தம்பி. அடுத்த தடவை வயிறு வலித்தாலும் அதே ஆஸ்பத்திரிக்குத்தானே போகணும்.

பெயர்_வேண்டாம்

படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அம்மாவின் பதிவைப் பார்த்த பிறகு எழுதத் தோன்றியது.

கல்லூரியில் படிக்கும்போது என்னையும் ஓர் ஆலோசகர் இப்படி அனுப்பினார். பரிவாகத்தான் பேசினார். வெளியே வந்ததும் மனதில் நின்றது “இவருக்கு என் விஷயம் ஒத்துவரவில்லை” என்பது இல்லை. “உதவி செய்வதற்கென்றே இருக்கிறவராலேயே என்னோடு உட்கார முடியவில்லை” என்பதுதான். அடுத்தவரிடம் போவதற்கு முதல் தடவையைவிடக் கூடுதல் தைரியம் வேண்டியிருந்தது. நடுவில் வருடக்கணக்கில் போகவே இல்லை. சாய்வுநாற்காலி ஐயா, ‘முதல் நாளே விலகுவது மேல்’ என்கிற கணக்கில் இந்த வருடங்கள் வருவதில்லை.

என் ஆலோசகர் இன்னொன்றும் செய்தார். நான் கேட்காமலே என் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னார். என் நன்மைக்காகவாம்.

கருப்புக்கோட்டு

அது மதிப்பீடு, நம்பிக்கை என்ற பேச்சுக்கே வராது. பிரிவு 23 ரகசியம் காக்கச் சொல்கிறது. யாருக்காவது ஆபத்து என்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. ‘பெற்றோருக்குத் தெரிய வேண்டும்’ என்பது அந்தப் பட்டியலில் கிடையாது.

பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட பக்கத்தில சட்டமே இன்னும் தடையாக நிற்குது. ஒருபால் உறவைக் குற்றமாக்கிற தண்டனைக் கோவை 365, 365அ இரண்டும் பிரித்தானியர் காலத்தில வந்தது, 1995இல 365அ பெண்களுக்கும் பொருந்துற மாதிரி மாத்தினவை, இன்னும் கிடக்குது. 2023இல எங்கட உயர் நீதிமன்றம் (உங்கட உச்ச நீதிமன்றம் மாதிரி) அதை நீக்குகிற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை எண்டு சொன்ன பிறகும் மாறேல்லை. ஆகவே வருகிற பிள்ளை, தான் யாரோட இருக்கிறன் எண்டு வாய் திறக்கவே பயப்படும். ஆலோசகர் மறுக்க முதலே பிள்ளை தன்னைத்தானே மறுத்துப்போடும். போர்க்காலத்தை நினைக்கிற ஆக்களுக்குத் தெரியும், எதிரில இருக்கிறவர் எந்தப் பக்கம் எண்டு பார்த்துத் தெரிவு செய்ய எங்களுக்கு வசதி இருக்கேல்லை. வந்த ஆளைப் பார்த்தம்.

மட்டுறுத்துநர்

இடையில் வந்த மூன்று பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். கருத்து மாறுபடலாம், இங்கே எழுதுகிறவர்களை நோயாளி என்று வைய வேண்டாம்.

சாய்வுநாற்காலி

பெயர்_வேண்டாம் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. அந்த ஆலோசகரை என்ன செய்வது? ‘மறுக்கக் கூடாது’ என்று விதி போட்டால் அவர் நாளை முதல் வாய் திறக்காமல் உட்காருவார். மனசுக்குள் இருப்பது மாறாது. நான் முதலில் பயந்தது அதற்குத்தான்.

ஓ.பி.சீட்டு

அதற்குத்தான் மேற்பார்வை. எனக்கும் ஒவ்வாத ஆட்கள் வருகிறார்கள். மனைவியை அடித்துவிட்டு, “கோபம் வருது டாக்டர், மாத்திரை குடுங்க” என்று வருகிறவரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரையும் பார்க்கிறேன். பார்த்துவிட்டு, மூத்தவர் ஒருவரிடம் போய்ப் புலம்புகிறேன். நான் எங்கே விறைப்பாகிவிட்டேன் என்று அவர் காட்டுவார். பிடிக்காததை அந்த அறையில் கொட்டினால் விலை கொடுப்பது வந்தவர். மேற்பார்வையாளரிடம் கொட்டினால் என் ஒரு மணி நேரம் போகும், அவ்வளவுதான்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று மையத்தில் பேசினோம். நடந்ததைச் சொல்கிறேன்.

பொறுப்பாளர் விதியாக எழுதித் தர மறுத்துவிட்டார், “நம்பிக்கை விஷயத்தில் ஊழியரைக் கட்டாயப்படுத்தியதாக ஆகிவிடும்” என்கிறார். நடைமுறையாக இரண்டு விஷயங்களுக்கு ஒத்துக்கொண்டார். முதல் அமர்வில் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. என்ன தொல்லைக்காக வந்தாரோ அதை முழுதாகக் கேட்டு, தூக்கத்துக்கோ படபடப்புக்கோ அன்றைக்குச் செய்ய முடிந்ததைச் செய்துதான் அனுப்ப வேண்டும். அப்புறமும் கைமாற்ற வேண்டி வந்தால் சீட்டு எழுதிக் கொடுப்பதோடு விடக் கூடாது. அவர் சம்மதித்தால், அவர் எதிரிலேயே போன் போட்டு நாளும் நேரமும் வாங்கித் தர வேண்டும், போய்ச் சேர்கிற வரை அவர் நம் பொறுப்பு. கட்டணம் வாங்குகிற இடத்துக்கு அனுப்பினால், அவரால் கொடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான். மதுரை கிளினிக்கில் ஓர் அமர்வுக்கு ஆகிற காசு அந்தப் பெண்ணின் இரண்டு நாள் கூலியைத் தாண்டும் என்று கூட்டத்தில் நான் சொன்னபோதுதான் என் சக ஊழியர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது தோன்றியிருக்கவில்லை. கொள்கை விஷயத்தில் அவர் மாறியதாகச் சொல்ல மாட்டேன்.

அரசு நிதி விஷயம்: ஒரு திட்டத்துக்கு மட்டும் வருகிறது. கருப்புக்கோட்டு, அது போதுமா?

மேற்பார்வைக்குத்தான் வழி தெரியவில்லை. நாங்கள் மொத்தமே மூன்று பேர், மூத்தவர் என்று யாரும் இல்லை.

கருப்புக்கோட்டு

எந்தத் திட்டம், நிதி ஆணையில் என்ன வாசகம் என்பதைப் பொறுத்தது. பெயர்களை அடித்துவிட்டு நகலைத் தனிமடலில் அனுப்புங்கள், பார்க்கிறேன்.

பெயர்_வேண்டாம்

அந்தப் பெண்ணை நீங்களே கூப்பிடலாமே?

வைகைக்கரை

பதிவேட்டில் அவர் கொடுத்திருப்பது மில் விடுதி நம்பர். அதற்குப் போன் போட்டு, ஆலோசனை மையத்திலிருந்து பேசுகிறோம் என்று சொன்னால் யார் காதில் விழும் என்று தெரியாது. அதனால் கூப்பிடவில்லை. இனி வருகிறவர்களிடம், ‘எந்த நம்பரில், எந்த நேரத்தில் கூப்பிடலாம், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடலாம்’ என்று முதல் நாளே கேட்டுப் படிவத்தில் எழுதிவைக்க ஆரம்பித்திருக்கிறோம்.

ஓ.பி.சீட்டு

நல்லது. மேற்பார்வைக்கு: வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் எனக்கு வார்டு சுற்று முடிந்துவிடும். மாதம் இரண்டு தடவை, மூன்று பேரும் சேர்ந்து வீடியோவில் வாருங்கள், காசெல்லாம் வேண்டாம். உங்கள் சக ஊழியரும் கட்டாயம் வரணும். அவரைத் திட்ட மாட்டேன் என்று சொல்லிக் கூட்டிவாருங்கள். சாய்வுநாற்காலி சார், பயிற்சி கொடுக்கிறவர் நீங்கள், நீங்களும் வந்தால் எனக்கு வேலை பாதியாகும்.

சாய்வுநாற்காலி

முதல் வெள்ளி எனக்கு வகுப்பு இருக்கிறது. இரண்டாவதும் நாலாவதும் என்றால் வருகிறேன்.